நாடு கடந்த நட்புக்கு ஒரு சிறு மானியம்: முன்னாள் மாணவர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் உதவித்தொகையில் படித்துவிட்டுத் திரும்பியவர்களுக்கும், பரிமாற்றத் திட்டத்தில் சில மாதங்கள் தங்கி வந்தவர்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு கட்டாயம் இருக்கும். முதல் ஆண்டில் அங்கே ஓயாத பேச்சு. பிறகு பிறந்தநாள் வாழ்த்தும் பழைய படங்களும்தான் மிஞ்சுகின்றன. இது பெரிய இழப்பு. அயல்நாட்டு வீட்டில் தங்கி, மொழி தெரியாமல் திண்டாடி, முன்பின் தெரியாதவர்களின் அன்பில் தேறி வந்தவர்கள் இவர்கள். இவர்கள் வாழும் ஊரிலேயே இன்று வெளிநாட்டு மாணவர்களும் தொழிலாளர்களும் அகதிக் குடும்பங்களும் அதே திண்டாட்டத்தில் இருப்பார்கள். இந்த இரு தரப்பையும் ஊர்க்காரர்களோடு சேர்த்து உட்கார வைக்கப் பெரிய தொகை தேவையில்லை. ஒரு அறை, பேருந்துச் செலவு, கொஞ்சம் பொருட்கள் போதும். இதற்கென்றே சிறு மானியங்கள் இருக்கின்றன. முதல்முறை விண்ணப்பிக்கும் குழுவுக்கு எது உதவும், எது காலை வாரும் என்பதை இங்கே சொல்கிறேன்.

பணம் எங்கே இருக்கிறது

முதலில் தட்ட வேண்டிய கதவு, உங்களை அனுப்பிய திட்டத்தின் கதவுதான். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகை 1946இலும், பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை 1983இலும், ஜப்பானின் ஜெட் திட்டமும் ஐரோப்பாவின் எராஸ்மஸும் 1987இலும் தொடங்கின. தென்கிழக்கு ஆசிய இளைஞர்களுக்கான கப்பல் திட்டம் 1974இலேயே வந்துவிட்டது. மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் ஏ.எஃப்.எஸ். அமைப்பின் கதை இன்னும் பழையது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள் தொடங்கிய அமைப்பு அது. 1947 முதல் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. இப்படிப்பட்ட திட்டங்களில் பலவற்றுக்கு முன்னாள் பங்கேற்பாளர் சங்கங்கள் உண்டு. சங்கங்களுக்கென்று தனி நிதி ஒதுக்கும் திட்டங்களும் உண்டு. அமெரிக்க அரசின் பரிமாற்றத் திட்டங்களில் போய்வந்தவர்களுக்காக 2011இல் தொடங்கிய முன்னாள் பங்கேற்பாளர் புத்தாக்க நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். அண்மை விண்ணப்பச் சுற்றுகளில் அது ஒரு திட்டத்துக்கு 5,000 முதல் 35,000 டாலர் வரை அறிவித்தது. முன்னாள் மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதியாக இருந்தது. செவனிங், ஆஸ்திரேலியா அவார்ட்ஸ் போன்றவையும் முன்னாள் மாணவர்களின் திட்டங்களுக்குச் சிறு நிதி வழங்கி வந்திருக்கின்றன. தொகையும் கருப்பொருளும் சுற்றுக்குச் சுற்று மாறும். சில ஆண்டுகளில் சுற்றே வராமலும் போகும். ஆகவே பழைய அறிவிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது கதவு, நீங்கள் வாழும் ஊரிலேயே இருக்கிறது. நகராட்சிகள், சகோதர நகரக் குழுக்கள், பல்கலைக்கழக அயலுறவு அலுவலகங்கள், தூதரகங்களின் பண்பாட்டுப் பிரிவுகள், ஜெர்மனியின் கோத்தே நிறுவனம், ஜப்பான் அறக்கட்டளை போன்ற பண்பாட்டு அமைப்புகள் எல்லாம் இதில் அடங்கும். ரோட்டரியை அணுகுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே உலகளாவிய மானியம் என்பது மொத்த பட்ஜெட் குறைந்தது 30,000 டாலர் உள்ள பெரிய திட்டங்களுக்கானது. சிறிய வேலைகளுக்கு மாவட்ட மானியம் என்று தனியாக உண்டு. அதற்கு உங்கள் பகுதி ரோட்டரி சங்கம் வழியாகத்தான் போக முடியும். பெரியதைக் கேட்டு ஏமாந்து திரும்பும் குழுக்கள் பல. சங்கத் தலைவரைச் சந்தித்து, "மாவட்ட மானியத்தில் எங்களைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று நேரடியாகக் கேட்பதே சரி.

என் கருத்தில், முதல்முறை போகிறவர்கள் கிடைக்கும் நிதிகளில் ஆகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிறிய தொகைக்குப் போட்டி குறைவாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை. சின்னத் தொகையை ஒழுங்காகக் கையாண்டு அறிக்கை கொடுத்த குழு என்ற பெயர் உங்களுக்குப் பின்னால் பெரிதும் உதவும்.

முதலில் குழுவைக் குழுவாக்குங்கள்

நட்பு வட்டம் வேறு, மானியம் வாங்கும் குழு வேறு. பணம் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கணக்கில் போடுவது?" என்பதுதான். ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் வாங்கலாம் என்று சில நிதிகள் அனுமதிக்கும். அனுமதித்தாலும் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். அந்த நண்பரின் வருமான வரிக் கணக்கில் இந்தத் தொகை போய் உட்காரலாம். நட்புக்கும் அது நல்லதில்லை.

ஒரு பக்கத்தில் குழுவின் நோக்கம், உறுப்பினர்கள், பொறுப்பாளர்கள், முடிவெடுக்கும் முறை ஆகியவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவர் போதும். பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். கூட்டம் நடந்தால் அரைப்பக்கம் கூட்டக் குறிப்பு எழுதிவையுங்கள். இவ்வளவு இருந்தாலே, விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் மதிப்பீட்டாளர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

பதிவுபெற்ற சங்கமாக இல்லாவிட்டால், பதிவுபெற்ற வேறொரு அமைப்பின் நிழலில் விண்ணப்பிக்கலாம். நூலகம், கல்லூரி, தொண்டு நிறுவனம், எதுவாகவும் இருக்கலாம். பணம் அவர்கள் கணக்கில் வரும், வேலையை நீங்கள் செய்வீர்கள். நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், எத்தனை நாளில் பில் தொகையைத் தருவார்கள் என்பதை ஒரு கடிதமாக எழுதி இருவரும் ஒப்பமிட்ட பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். பணம் நாடு விட்டு நாடு வருகிறதென்றால் சட்டம் குறுக்கே வரும். சில நாடுகளில் அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் வாங்கப் பதிவோ முன் அனுமதியோ தேவை. இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அப்படிப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்துக்கு அமைப்பாக விண்ணப்பிப்பவர்களிடம் பொதுவாக சாம்.கவ் (SAM.gov) என்ற அந்த அரசின் பதிவுத் தளத்தில் பதிவு கேட்பார்கள். 2022 ஏப்ரலில் அமைப்புகளை அடையாளம் காணப் பயன்பட்ட பழைய டன்ஸ் (DUNS) எண்ணுக்குப் பதிலாக வந்த தனி அடையாள எண் அதிலிருந்துதான் கிடைக்கும். இந்தப் பதிவுக்கே சில வாரங்கள் பிடிக்கும். அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் கடைசி நாளுக்குள் முடியாமல் போகலாம்.

யார், யாரோடு, என்ன செய்யப்போகிறார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

"கலாசார விழா நடத்தப்போகிறோம்" என்பதே பெரும்பாலான குழுக்களின் முதல் யோசனை. மேடை, கொடிகள், நடனம், கைதட்டல். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் வந்த துணையோடே வீடு திரும்புவார்கள். வெளிநாட்டவர் மேடையில், ஊர்க்காரர் நாற்காலியில். ஒருவர் பெயரை இன்னொருவர் கேட்டிருக்கவே மாட்டார். விழா கூடாதென்று நான் சொல்லவில்லை. அதையே நட்பு என்று விண்ணப்பத்தில் எழுதினால் பணம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் நட்பு கிடைக்காது.

இரு வேறு மக்கள் கூட்டங்கள் சந்தித்தால் எப்போது மனத்தடை குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிலைமைகளைச் சொன்னார். சந்திக்கும் இடத்தில் இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான இலக்கு வேண்டும். அதை எட்ட ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். ஊரார் மதிக்கும் நிறுவனமோ சட்டமோ வழக்கமோ அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும். சமூக உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1998இல் இன்னொன்றைச் சேர்த்தார்: அந்தச் சந்திப்பு நட்பாக வளர வாய்ப்பு இருக்க வேண்டும். அதாவது திரும்பத் திரும்பச் சந்திக்க நேரம் வேண்டும். 2006இல் அவரும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சந்திப்புகள் பொதுவாகவே முன்முடிவுகளைக் குறைக்கின்றன என்றும், இந்த நிலைமைகள் அமைந்தால் பலன் கூடுகிறது என்றும் தெரிந்தது. உங்கள் திட்டத்தை இந்த ஐந்தில் உரசிப் பாருங்கள். மதிப்பீட்டாளருக்கு ஆல்போர்ட் பெயர் தெரிய வேண்டியதில்லை. திட்டத்தில் அந்தத் தெளிவு இருந்தால் அவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. பொது நூலகத்தின் பின்கட்டில் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறை. மாதம் ஒரு சனிக்கிழமை, நான்கு மாதம். 24 பேர், அவர்களில் 12 பேர் வெளிநாட்டு மாணவர்கள், 12 பேர் அந்தப் பகுதி மக்கள். இருவர் இருவராக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பழைய சைக்கிள். ஒருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் திருகைச் சுற்ற முடியும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று இருவரும் குனிந்து தேடும்போது இலக்கணம் யாருக்கும் தேவைப்படாது. "இங்கே, இங்கே" என்ற ஒரு சொல் போதும். நான்காவது மாதம் சரிசெய்த சைக்கிள்களை ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சமநிலை இருக்கிறது, பொது இலக்கு இருக்கிறது, ஒத்துழைக்காமல் வேலை நடக்காது, நூலகம் பின்னால் நிற்கிறது, நான்கு முறை சந்திக்கிறார்கள். இதே அச்சில் தோட்டம் போடலாம், ஊரின் பழைய படங்களைத் தொகுக்கலாம், புதிதாக வருபவர்களுக்கு மருத்துவமனைக்கும் வங்கிக்கும் வழிகாட்டும் கையேடு தயாரிக்கலாம்.

யோசனை பிடித்துப்போனால் உடனே எழுத உட்காராதீர்கள். அயல்நாட்டவர் நாலைந்து பேரிடம் போய்க் கேளுங்கள்: எந்தக் கிழமை வசதி, எது தேவை, எது கூச்சம் தரும்? அவர்களில் ஒருவரையாவது திட்டக் குழுவில் பெயர் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்காக அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டம் எழுத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அறிவிப்பை வாசிப்பது

மானிய அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு பேனாவோடு உட்காருங்கள். யார் விண்ணப்பிக்கலாம், எதற்குப் பணம் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்ற மூன்றையும் அடிக்கோடிடுங்கள். மூன்றாவதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். சம்பளம், அலுவலக வாடகை, நிலைத்து நிற்கும் பெரிய கருவிகள், கட்டுமானம், மது, பரிசுப் பொருட்கள், தனிநபர் உதவித்தொகை, நிதி திரட்டும் நிகழ்ச்சி, கட்சி அரசியல், மதப் பரப்புரை ஆகியவற்றுக்கு இத்தகைய நிதிகள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. நேரடி நிவாரணத்தையும் ஒதுக்கிவைக்கும் நிதிகள் உண்டு. மேலே சொன்ன பட்டறையிலேயே சைக்கிள்களைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது சில நிதிகளின் கண்ணில் நன்கொடையாகப் படலாம். அப்படியானால் பழைய சைக்கிள்களை ஊராரிடமிருந்து இலவசமாகத் திரட்டிக்கொண்டு, மானியத்தில் உதிரிபாகமும் பயிற்சியும் மட்டும் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அறிவிப்பில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். கேள்வி கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

விண்ணப்பத்தை எழுதுவது

மதிப்பீட்டாளர் ஒரே மாலையில் கட்டுக்கட்டாகப் படிப்பவர். முதல் நான்கு வரியில் யார், எங்கே, எத்தனை பேர், எத்தனை முறை, என்ன செய்வார்கள், முடிவில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட வேண்டும். இரண்டு மாதிரிகளைப் பாருங்கள்.

"எங்கள் குழு பல்வேறு பண்பாடுகளுக்கிடையே புரிதலை வளர்த்து, இளைஞர்களை வலுப்படுத்தி, உலக அமைதிக்குப் பங்களிக்கும்."

"எங்கள் நகரத்தில் படிக்கும் 12 வெளிநாட்டு மாணவர்களும் நூலகத்தை ஒட்டிய குடியிருப்புவாசிகள் 12 பேரும் ஜோடி சேர்ந்து, நான்கு சனிக்கிழமைகளில் 12 சைக்கிள்களைச் சரிசெய்வார்கள். பட்டறை முடிந்தபின் மாதாந்திரக் கூடுகையைத் தொடர நூலகம் இடம் தர ஒப்புக்கொண்டிருக்கிறது."

முதலாவதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நல்ல சொல்தான். ஆனால் அதை எந்தக் குழுவும் எழுதலாம். இரண்டாவதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. பணம் அதற்குத்தான் போகும்.

அடுத்து வரும் கேள்வி, "வெற்றி பெற்றதை எப்படி அறிவீர்கள்?" என்பது. வருகைப் பதிவு ஒன்று. முதல் நாளும் கடைசி நாளும் கேட்கும் மூன்றே கேள்விகள் கொண்ட படிவம் இன்னொன்று. "இந்த ஊரில் உதவி தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? எத்தனை பெயர்கள் நினைவுக்கு வருகின்றன?" என்பதை அதில் கட்டாயம் சேருங்கள். நட்பை அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

முன்னாள் மாணவர்களான உங்கள் பங்கு என்ன என்பதையும் சொல்லுங்கள். வெறும் ஏற்பாட்டாளர்கள் என்றால் எந்த நிறுவனமும் அதைச் செய்யலாமே? வந்தவர் மொழியை நீங்கள் பேசுவீர்கள், அந்த நாட்டில் இன்னும் உங்களுக்குத் தொடர்பு இருக்கிறது, புதிதாக வந்தவர் எதில் தடுமாறுவார் என்று பட்டறிந்தவர்கள் நீங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் செய்யப்போகும் வேலையை ஒரு வரியில் எழுதுங்கள்.

பட்ஜெட்

எழுத்தில் சொன்னதெல்லாம் உண்மையா என்று மதிப்பீட்டாளர் சரிபார்க்கும் இடம் இதுதான். "போக்குவரத்து" என்று ஒரு மொத்தத் தொகை எழுதாதீர்கள். 24 பேர் × 4 சனிக்கிழமை × போகவர ஒருவருக்கான பேருந்துக் கட்டணம் என்று விரித்துக் காட்டுங்கள். நடவடிக்கைப் பகுதியில் 24 பேர் என்றும் பட்ஜெட்டில் 30 பேர் என்றும் இருந்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். கொஞ்சம் விலையுள்ள பொருளுக்கு இரண்டு கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள்.

நூலக அறை இலவசம், மெக்கானிக் ஒருவர் தொண்டாக வருகிறார், உறுப்பினர்கள் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். இவற்றுக்கும் சந்தை மதிப்பு போட்டுத் தனிப் பத்தியில் "எங்கள் பங்களிப்பு" என்று காட்டுங்கள். சில நிதிகள் இதைக் கட்டாயமாகவே கேட்கும். கேட்காத இடத்திலும், ஊர் உங்களோடு நிற்கிறது என்பதற்கு அது சான்று.

மானியம் வேறு நாட்டு நாணயத்தில் வந்தால், இன்றைய மாற்று விகிதத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்துக் கணக்கிடுங்கள். அறிவிப்புக்கும் பணம் வருவதற்கும் இடையில் மாதங்கள் ஓடும். வங்கிப் பரிமாற்றக் கட்டணத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். "இதர செலவு" என்று பெரிதாக ஒன்று வைப்பது பழைய பழக்கம்; விட்டுவிடுங்கள்.

கடைசி நாளும் கையெழுத்தும்

கடைசி நாளின் நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். இரவு 11.59 என்று இருந்தால் அது வாஷிங்டன் நேரமா லண்டன் நேரமா என்பதைப் பொறுத்து உங்களுக்குச் சில மணி நேரம் கூடலாம், குறையலாம். ஆதரவுக் கடிதம் கேட்கும்போது நூலகரிடமோ கல்லூரி முதல்வரிடமோ வெறுங்கையோடு போகாமல், என்ன உறுதி தேவை என்பதை அரைப்பக்க வரைவாகக் கொடுங்கள். "வாழ்த்துகிறோம்" என்ற கடிதத்தால் பயனில்லை. "நான்கு சனிக்கிழமைகளிலும் பின்கட்டு அறையை இலவசமாகத் தருகிறோம்" என்பதே வேண்டும்.

தேர்வானதாக மின்னஞ்சல் வந்ததும் பொருள் வாங்க ஓடாதீர்கள். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, திட்டத் தொடக்கத் தேதி வந்த பிறகு செய்த செலவுதான் பொதுவாகக் கணக்கில் ஏறும். முந்தைய நாள் பில் உங்கள் கைக்காசுதான். முழுத் தொகையும் முன்பணமாக வருமா, தவணையாக வருமா, செலவு செய்தபின் திருப்பித் தருவார்களா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். கடைசி வகையென்றால் யார் கைப்பணத்தைப் போடுவது என்று குழுவில் முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் மனக்கசப்பில் போய் முடியும்.

நடக்கும்போது

ஒவ்வொரு பில்லையும் வாங்கிய அன்றே படமெடுத்துப் பொது கூகுள் ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் வெப்பத்தாள் ரசீதில் எழுத்து மறைந்துபோகும். பில் தராத சின்னச் செலவுக்குப் பெறுபவர் கையெழுத்துடன் வவுச்சர் எழுதுங்கள். பட்ஜெட்டில் ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தால் மாற்றும் முன்பே எழுதி அனுமதி வாங்குங்கள். முன்பே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

படம் எடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அகதியாக வந்தவரின் முகம் வெளியானால் அவர் சொந்த நாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம். அவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் கொடுங்கள். வேண்டாம் என்பவரை முகம் தெரியாமல் எடுங்கள், அல்லது எடுக்கவே வேண்டாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சிறுவர்களோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்க நேராதபடி எப்போதும் இரண்டு பொறுப்பாளர்களைப் போடுங்கள்.

ஜூலை 30ஐ ஐ.நா. பொதுச் சபை 2011இல் பன்னாட்டு நட்பு தினமாக அறிவித்தது. நிறைவுக் கூடுகையை அந்த நாளில் வைத்தால் உள்ளூர் நாளிதழ் ஒரு பத்தியாவது போடும். நிதி தந்தவரின் பெயரும் சின்னமும் எப்படி வர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், அப்படியே பின்பற்றுங்கள்.

அறிக்கையும் அடுத்த சுற்றும்

திட்டம் முடிந்த வாரத்திலேயே அறிக்கையை எழுதத் தொடங்குங்கள். சொன்னது என்ன, நடந்தது என்ன, எது நடக்கவில்லை, ஏன் என்று நேராக எழுதுங்கள். 24 பேரில் 17 பேர்தான் கடைசிவரை வந்தார்கள் என்றால் 17 என்றே போடுங்கள். தேர்வுக் காலத்தில் மாணவர்கள் வரவில்லை என்ற காரணமும் அடுத்த முறை தேதியை மாற்றுவோம் என்ற முடிவும் இருந்தால் அந்த எண் உங்களுக்குக் கெடுதல் செய்யாது. பங்கேற்றவர்கள் இருவர் தங்கள் வாயால் சொன்னதை, அவர்கள் சம்மதத்தோடு, அப்படியே சேருங்கள். மீதிப் பணம் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் சொன்னபடி திருப்பிக் கொடுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் ஒரு வாரம் கழித்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்தப் பகுதி வலுவில்லாமல் இருந்தது என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் பதில் வராது. வந்தால் அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. அதற்கிடையில் நான்கு சனிக்கிழமைக்குப் பதில் ஒரே ஒரு சனிக்கிழமையைக் கைக்காசில் நடத்திப் பாருங்கள். ஆறு பேர், மூன்று சைக்கிள் போதும். அந்த நாளின் வருகைப் பதிவும் இரண்டு படங்களும் அடுத்த விண்ணப்பத்தோடு போகட்டும். விண்ணப்பம், பட்ஜெட், கடிதங்கள், ஒப்பந்தம், பில்கள், அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் தேதி வாரியாகப் போட்டு, குழுவின் பொது மின்னஞ்சல் கணக்கில் வையுங்கள். ஒருவரின் சொந்தக் கணக்கில் வைத்தால், அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போகும் நாளில் அடுத்த பொருளாளர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.